நூற்றுப் பதினாறு தப்படி

மாசி மாதத்தில் பலாக்கொல்லை ஜனங்களிடம் பேச வேண்டுமென்றால் அண்ணாந்துதான் பேச வேண்டும். ஆண்களில் பாதிப் பேர் புளியமரத்தின் மேல் இருப்பார்கள். பனி விலகி வெயில் சரிவில் இறங்கியதும் ஏறினால், கிளை கிளையாக உலுக்கிவிட்டுப் பொழுது சாயும்போதுதான் இறங்குவார்கள். கூழ்த் தூக்கைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்பவர்களும் உண்டு.

அன்றைக்குக் கருப்பன் வீட்டுக்குப் பின்னாலிருந்த பெரிய மரத்தில் நின்றிருந்தான். நாற்பத்தேழு வயது. கீழே அவன் பெண்டாட்டி பாஞ்சாலி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, விழுந்த பழங்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான்.

ஜமுனாமரத்தூர் ரோட்டிலிருந்து மண்பாதை ஏறி ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணி, காலில் கேன்வாஸ் ஷூ, முதுகில் பை, கையில் ஒரு கைக்குழந்தை கனத்துக்கு மஞ்சள் பெட்டி.

"கருப்பன்றவர் வூடு இதுங்களா?"

"ஆமா. நீ யாரும்மா?"

"நான் வாணியம்பாடிங்க. பேரு புஷ்ரா. மெட்ராஸ்ல ஒரு காலேஜ்ல வேல பாக்குறேன். அவரப் பாக்கத்தான் வந்தேன்."

"மேல கீறாரு. புளி வேணுமா?"

"புளி இல்லக்கா. அவரு சின்ன வயசுல கீழத் தஞ்சாவூர்ப் பக்கம் கேஸ் கிணத்து வேலைக்குப் போனாராமே. அதப் பத்திப் பேசணும்."

மேலே உலுக்கிக்கொண்டிருந்த கிளை நின்றுவிட்டது. கடைசியாக ரெண்டு பழம் விழுந்தது. அவ்வளவுதான். பாஞ்சாலி அண்ணாந்து பார்த்தாள். இலைகளுக்கு நடுவில் அவன் கால் மட்டும் தெரிந்தது.

"யோவ், ஒன்னத்தான் தேடிக்கினு வந்திருக்காங்க. எறங்கு."

"இந்தக் கொப்ப முடிச்சிட்டு வர்றேன்."

முடிக்கிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பாஞ்சாலி வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்து, கோணியை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். அவள் கண் மஞ்சள் பெட்டியிலேயே இருந்தது. "இதுல இன்னாம்மா கீது?"

புஷ்ரா மூடியைத் திறந்தாள். ஒரு சின்னத் திரை, அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய். பொத்தானை அழுத்தியதும் உள்ளே எதுவோ மெல்லிசாக இரைந்தது. திரையில் இரண்டு என்று வந்தது.

"மீத்தேன்னு ஒரு வாயுக்கா. சமையல் கேஸ் மாதிரி எரியும். கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கெடையாது. பூமிக்குச் சூடு ஏத்துறதுல ரொம்ப மோசமானது. காத்துல அது எவ்ளோ இருக்குதுன்னு இது சொல்லும்."

"ரெண்டுன்னா? ரெண்டு படியா?"

"பத்து லட்சம் புளியங்கொட்டையக் குவிச்சு வெச்சிருக்கீங்கன்னு வைங்க. அதுல ரெண்டு கொட்ட மட்டும் வேற மரத்தது. அந்த ரெண்ட இது எண்ணுது."

பாஞ்சாலி கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். "பத்து லட்சத்துல ரெண்ட எப்படிக் கண்டுபுடிக்கும்?"

"உள்ள ஒரு வெளிச்சம் ஓடுதுக்கா. இந்த வாயு அந்த வெளிச்சத்தக் கொஞ்சம் குடிச்சிடும். எவ்ளோ குடிச்சிச்சின்னு பாத்துக் கணக்கு சொல்லும்."

பாஞ்சாலிக்கு அதற்கப்புறம் புளி ஞாபகம் இல்லை. குழாயை வாங்கி அடுப்படியில் நீட்டினாள், கொஞ்சம் ஏறியது. உரல் குழியில் விட்டாள், இரண்டு. கோழிக்கூண்டில் விட்டாள், கோழி கத்தியதே தவிர எண் அசையவில்லை. கட்டியிருந்த பசுவின் மூக்கருகே கொண்டுபோனபோது அது அசைபோட்டுக்கொண்டே ஒரு ஏப்பம் விட்டது. எண் துள்ளி எழுபதுக்குப் போனது.

"அடியாத்தீ!" என்று பாஞ்சாலி கையை உதறினாள். "மாடு கேஸ் வுடுதா?"

"மாடு, எருக்குழி, சேத்து வயலு, குப்பமேடு, எல்லாம் வுடும்."

எருக்குழியில் சாணத்துக்குள் குழாயைச் சொருகிப் பார்த்தார்கள். இன்னும் ஏறியது. மரத்தின் மேலிருந்து குரல் வந்தது.

"மனுசன் வாயில வெச்சா?"

"எறங்கி வந்து ஊதிப் பாரு," என்றாள் பாஞ்சாலி.

அவன் இறங்கவில்லை. புஷ்ரா சிரித்துவிட்டு, மரத்தைப் பார்த்துச் சற்று உரக்கவே, தான் வந்த காரணத்தைச் சொன்னாள்.

வாயு எடுப்பதற்காகத் தோண்டிக் கைவிட்ட கிணறுகளைத் தேடிப் போய், அவற்றிலிருந்து இன்னும் கசிகிறதா என்று அளப்பதுதான் அவள் வேலை. அவளும் தனசேகரன் என்பவரும் இதுவரை பத்தொன்பது கிணறு அளந்திருக்கிறார்கள். இருபதாவது கிணறு கிடைக்கவில்லை. பதிவேட்டில் குறித்திருந்த இடம் ஒரு வயலின் நடுவே. அங்கே அளந்தால் வெறும் இரண்டு. ஆனால் முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் கீதாஞ்சலி என்பவர் வீட்டில் ஆறு மாதத்துக்கு முன் தீக்குச்சி கிழித்தபோது அடுப்படித் தரையின் வெடிப்பில் நீலமாக ஒரு கோடு எரிந்திருக்கிறது. கர்ப்பிணி மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுப்பைத் தெருப் பக்கம் வைத்துச் சமைக்கிறாராம்.

"அவங்க வூட்டச் சுத்தி அளந்தா இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம் காட்டுது. கிணத்து வாயி எங்கன்னு புரியல. கிணறு தோண்டுன கம்பெனி ஆபீஸ்ல கேட்டா, அது மாட்டுக் கொட்டாயி வாயு, கிணறு அங்க இல்லவே இல்லன்றாங்க. கிணறு இதுதான்னு காட்டுனாத்தான் மூட வருவாங்க. அப்ப வேல செஞ்சவங்க பேரு ஒரு பழைய தாள்ல கெடைச்சிது. பதினோரு பேரு. மத்தவங்கள்ல சில பேரு இல்ல, சில பேரு எங்கன்னே தெரியல. இவரு ஒருத்தர்தான் பாக்கி."

வெகுநேரம் கழித்துக் கருப்பன் இறங்கினான். உடம்பெல்லாம் புளியந்தூசி. புஷ்ராவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னான்.

"இருவத்திமூணு வருசம் ஆச்சிங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

புஷ்ரா வற்புறுத்தவில்லை. பாஞ்சாலி போட்ட சாமைச் சோற்றையும் கொள்ளுக் கடைசலையும் சாப்பிட்டாள். ஜமுனாமரத்தூரில் தெரிந்த டீச்சர் வீட்டில் தங்கியிருப்பதாகவும், காலையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவதாகவும் சொல்லி, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.

சாயங்காலம் இருவரும் வாசலில் உட்கார்ந்து ஓடு தட்டினார்கள். கட்டையால் ஒரு தட்டு, ஓடு உடையும், நாரை இழுத்தால் பழம் தனியே வரும். பாஞ்சாலி பத்துப் பழம் தட்டுவதற்குள் கருப்பன் ஒன்றுதான் தட்டியிருந்தான்.

"எந்த மரம் எந்த வருசம் எத்தினி மூட்ட காச்சிதுன்னு சொல்லுவ. ஒனக்கா ஞாபகம் இல்ல?"

அவன் அடுத்த பழத்தை எடுத்தான், தட்டவில்லை.

"நம்ம கல்யாணத்துக்கு மின்னாடி போன வேல அது. நானும் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். இன்னா நடந்துச்சி?"

"ஒண்ணும் நடக்கலமே."

"ஒண்ணும் நடக்காததுக்கா மத்தியானம் முழுக்க மரத்து மேல குந்தியிருந்த?"

கருப்பன் கட்டையைக் கீழே வைத்தான். மலைக்குக் கீழே, சந்தவாசல் பக்கம், மேகம் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

மேஸ்திரி ஒருவன் மலையிலிருந்து பதினோரு பேரை அழைத்துப் போயிருக்கிறான். ஆழத்தில் வாயு தேறவில்லை என்று கிணற்றைக் கைவிட்டபிறகு, மேல்பக்கத்தை அடைக்கிற வேலை இவர்களுக்கு. கீழே இருக்கும் அடைப்பெல்லாம் மிஷின்காரர்கள் செய்தாகிவிட்டது. மேல் அடைப்புக்கு நாற்பது மூட்டை சிமெண்ட் போட வேண்டும் என்று கணக்கு. மூட்டை முழுசாக வரவில்லை. மீதியை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பச் சொன்னான் காண்ட்ராக்டர் ஆள். மேலே இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்து, மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

"எல்லாரும் கைநாட்டு. கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். நாப்பது மூட்ட போட்டாச்சின்னு எழுதி வெச்சி, கீழ போடுன்னான். போட்டேன். எம் பேரத்தான்மே அந்தப் பொண்ணு தாள்ல படிச்சிட்டு வந்திருக்குது."

பாஞ்சாலி கொஞ்ச நேரம் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். "போலீஸ் வருமுன்னு பயப்படுறியா?"

"அதுவும்தான்." பிறகு சொன்னான்: "அங்க அப்ப வூடே இல்ல. காஞ்ச தரிசு. யாருக்கு இன்னா ஆவப்போவுதுன்னு நெனைச்சேன்."

"இப்ப வூடு கீதே."

அவன் தலையாட்டினான்.

"அந்தப் பொம்பள தெருவுல ஒல வெச்சிக்கினு கீறா. நீ காலையில சொல்லிடு. மத்தது வந்தா பாத்துக்கலாம்."

மறுநாள் புஷ்ரா வந்தபோது கருப்பன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றான். "கிணத்த நான் காட்டுறேன்," என்றான். மூட்டைக் கதையைச் சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. பாஞ்சாலி பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் அந்த இடத்தின் படம் தெரிய வேண்டுமென்றால் ஊருக்கு மேலேயிருக்கும் வழுக்குப்பாறைக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் டவர் எட்டும். மூவரும் ஏறினார்கள். தனசேகரன் அந்நேரம் கீழே டெல்டாவில், கீதாஞ்சலி வீட்டுக்குப் பக்கத்தில், குழாயும் பெட்டியுமாக நின்றிருந்தார். திரையில் வெட்டவெளி, உளுந்து முளைத்த வயல், ஓட்டு வீடு ஒன்று.

"ரெட்டப் பன எங்க?" என்றான் கருப்பன் முதலில்.

"பனையே இல்லைண்ணா. புயல்ல போயிருக்கும்."

"அய்யனாரு கோயிலு?"

"புதுசாக் கட்டிட்டாங்க. எடம் மாத்திட்டதாச் சொல்றாங்க."

கருப்பன் முகம் வாடியது. பிறகு வாய்க்காலைக் காட்டச் சொன்னான். படம் ஆடிக்கொண்டே போய் ஒரு மதகில் நின்றது. செங்கல் மதகு, ஒரு பக்கக் கைப்பிடி உடைந்தது.

"இதான்! இது அப்டியே கீது. லாரி இதுக்கு மேல வராது. மூட்டைங்கள இங்கதான் எறக்குவாங்க. இங்கேந்து கிணத்துக்கு நூத்திப் பதினாறு தப்படி."

புஷ்ரா அவனை வியப்போடு பார்த்தாள். "எண்ணுனீங்களா?"

"மூட்ட தோள்ல கீறச்சே வேற இன்னாத்த பண்றது? எண்ணிக்கினு போனா கனம் தெரியாது."

"எந்தத் திசைண்ணா?"

"காலையில தூக்குனா வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும்."

"மாசம்?"

"பொங்கல் முடிஞ்ச வாரம்."

புஷ்ரா நோட்டில் ஏதோ கோடு போட்டாள். தையில் சூரியன் தெற்கே சாய்ந்து உதிக்கும் என்று சொல்லி, தனசேகரனுக்கு ஒரு கோணம் கொடுத்தாள். பிறகு டேப்பை எடுத்து, கருப்பனைப் பாறையில் இருபது தப்படி நடக்கச் சொல்லி அளந்தாள். பதினாலு மீட்டர். நூற்றுப் பதினாறுக்கு எண்பத்தொரு மீட்டர் வந்தது. தனசேகரன் டேப் பிடித்துக்கொண்டு போனார். போய் நின்ற இடம் வீட்டையெல்லாம் தாண்டி ஒரு குட்டைக் கரை.

"ரெண்டுதான் காட்டுதுங்க," என்றார். சுற்றிலும் பத்தடி அளந்தார். எல்லாம் இரண்டு.

பாறை சுட ஆரம்பித்திருந்தது. புஷ்ரா டேப்பைச் சுருட்டினாள். பாஞ்சாலி மட்டும் கருப்பன் நடந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இப்ப வெறுங்கைய வீசிக்கினு நடந்த," என்றாள். "அன்னிக்கி தோள்ல மூட்ட இருந்துச்சில்ல? மூட்ட தூக்குனா இப்படியா கால் நீளும்?"

புஷ்ரா டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினாள். "அக்கா!" என்றாள்.

பாஞ்சாலி அதற்குள் பாதி தூரம் இறங்கிவிட்டாள். கருப்பனும் பின்னாலேயே போனான். அரை மணி கழித்து, ஓடு தட்டாத புளி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான். அவள் கல்லை வேறு உள்ளே போட்டு ஐம்பது கிலோவுக்கு ஈடாக்கியிருந்தாள். பாறையில் மறுபடி நடந்தான். முழங்கால் மடங்கி, கால் குறுகிக் குறுகி விழுந்தது. உதடு தானாக எண்ணியது. இருபது தப்படி, பத்து மீட்டர் எண்பது.

அறுபத்திரண்டரை மீட்டரில் தனசேகரன் நின்ற இடம் கீதாஞ்சலியின் மாட்டுக் கொட்டகை. அடுப்படிச் சுவருக்குப் பின்னால், எருக்குழியின் மேல்.

"இங்க முன்னாடியே அளந்தோமே," என்றார். "நூறுக்கு மேல காட்டிச்சி. சாணம்தான்னு விட்டுட்டோம்."

"சாணத்த வாரிட்டுத் தோண்டுங்க," என்றான் கருப்பன். "கடப்பார போடாதீங்க, பொறி பறக்கும். தண்ணி வுட்டு வுட்டு மம்பட்டியால வெட்டுங்க. பீடி பத்தவெக்க ஒருத்தனயும் வுடாதீங்க."

தோண்டி முடிக்க மத்தியானம் ஆகும் என்றார்கள். மூவரும் பாறை நிழலில் உட்கார்ந்தார்கள். மூட்டை பக்கத்தில் கிடந்தது. புஷ்ரா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஒவ்வொரு நடைக்கும் எண்ணுனீங்களே, மொத்தம் எத்தினி நடை நடந்தீங்க எல்லாரும்? ரெக்கார்டுல நாப்பது மூட்டன்னு இருக்குது."

கருப்பன் பாஞ்சாலியைப் பார்த்தான். அவள் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"பதினேழு," என்றான். "மீதி மண்ணு. நாப்பதுன்னு கையெழுத்துப் போட்டது நான்."

புஷ்ரா எழுதப் போன பேனாவை நிறுத்தினாள். "இத நான் எழுதலாமா? எழுதுனா ஆபீஸ்ல உங்கள விசாரிப்பாங்க."

"எழுதும்மா. எழுதாம வுட்டா அவங்க மேலாப்புல கொஞ்சம் பூசிட்டுப் போயிடுவாங்க. உள்ள மண்ணு கீதுன்னு தெரிஞ்சாத்தான அத்த எடுத்துட்டு ஒயுங்கா அடைப்பாங்க."

ரெண்டு மணிக்கு அழைப்பு வந்தது. மார்பளவு குழி. அடியில் வட்டமாகத் துருப்பிடித்த தகடு. தனசேகரன் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். தண்ணீர் கலங்கி நின்றது. பிறகு தகட்டின் விளிம்பிலிருந்து ஒரு குமிழ் வந்தது. இன்னொன்று. அப்புறம் சோறு கொதிக்கிறாற்போல் வரிசையாக வந்துகொண்டேயிருந்தது.

"வருது பாரு, வருது பாரு," என்று பாஞ்சாலி போனுக்குள் தலையை விட்டுவிடுவதுபோலக் குனிந்தாள்.

கருப்பன் பார்க்காமல் எழுந்து நின்றான்.

படம் ஆடியது. திரையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கீதாஞ்சலி. புஷ்ரா போனில் சொன்ன பதினேழு மூட்டை விஷயத்தைத் தனசேகரன் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"மூடுன ஆளு அங்க நிக்கிறாராமே. அவர்ட்ட குடுங்க."

கருப்பன் போனை வாங்கினான்.

"நாங்க வீடு கட்டி பதினஞ்சு வருஷம் ஆகுது. இங்க கிணறு இருக்குன்னு தெரிஞ்சா நூறடி தள்ளிக் கட்டியிருக்க மாட்டோமா? என் மருமவ வயித்துப் புள்ளயோட அந்த அடுப்படியிலதான் நின்னா. தெரிஞ்சுகிட்டே இத்தன வருஷம் எப்படி சும்மா இருந்திய?"

காற்றில் மூட்டையின் வாய்த்துணி படபடத்தது.

"சொல்லியிருக்கணும்மா," என்றான் கருப்பன். "யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. பயமா இருந்துச்சி. தப்புதான்."

"போன்ல சொல்லாதிய. இங்க வந்து, அந்த ஆபீஸ்காரங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"வர்றேம்மா."

எட்டு நாள் கழித்துப் போனார்கள். பாஞ்சாலியும் கிளம்பினாள். பாதிப் புளி மரத்திலேயே நின்றது. பக்கத்து வீட்டு மங்கம்மாளிடம் பசுவை விட்டுவிட்டு, திருப்பத்தூர் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. பாஞ்சாலி மலையில்லாத ஊரை முதன்முறையாகப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் தடுக்காமல் போய்க்கொண்டேயிருந்தது அவளுக்கு என்னவோ போல இருந்தது.

அதிகாரிகள் இருவர் வந்திருந்தார்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கருப்பன் குழிக் கரையில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னான். எத்தனை மூட்டை, எந்த ஆழம் வரை மண், கல் யார் கொண்டுவந்தது, எல்லாம். அந்தக் காண்ட்ராக்டர் ஆள் செத்துப்போய் எட்டு வருஷம் ஆகிறது என்று ஒருவர் சொன்னார். மூத்த அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "இதனால உங்க மேலயும் கேள்வி வரும், தெரியுமில்ல?" என்றார்.

"வரட்டும்ங்க. கூப்புட்ட எடத்துக்கு வர்றேன்."

அடுத்த மாதம் மிஷின் கொண்டுவந்து தகட்டை எடுத்து, மண்ணை உறிஞ்சிவிட்டு, மறுபடி அடைப்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கீதாஞ்சலி அந்தத் தாளை இரண்டு முறை படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள். கருப்பனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மத்தியானம் எல்லாருக்கும் வாசலில் இலை போட்டாள். தெரு அடுப்பில் சமைத்த சோறும், கத்தரிக்காய்க் குழம்பும். கருப்பன் தயங்கி நின்றபோது, "ஒக்காருங்க. பசியோட நின்னா எனக்கென்ன கெடைக்கப் போவுது?" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். தலை நிமிராமல் சாப்பிட்டான்.

பாஞ்சாலி சாப்பிடுவதற்கு முன்னால் குழியருகே போய்த் தரையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்று அவளுக்கு ஏமாற்றம். பக்கத்து இலையில் இருந்த புஷ்ராவிடம் திரும்பினாள்.

"யம்மா, ஒண்ணு கேக்குறேன். இந்தக் கிணத்து வாய அடைச்சிட்டா, அடியில கீற கேஸ் எங்க போவும்?"

புஷ்ரா சோற்றைப் பிசைந்த கையோடு யோசித்தாள். அதிகாரிகளும் இலையிலிருந்து தலை தூக்கினார்கள்.

"அங்கயே இருக்கலாம். வேற வெடிப்பு கெடைச்சா அது வழியாப் போலாம். சரியாத் தெரியாதுக்கா. அடைச்சப்புறமும் வருசா வருசம் வந்து அளந்து பாக்கணும்."

"எத்தினி வருசம்?"

"அதுவும் தெரியாது."

குழம்பு வாளியோடு வந்த கீதாஞ்சலி, வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பாஞ்சாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லாக் கேட்டிய," என்றாள். "இன்னும் கேளுங்க."

பாஞ்சாலி இலையை ஓரமாக நகர்த்திக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அடுத்ததைக் கேட்டாள்.